50 டாலருக்குள் ஒரு ரிவர்ப்: எதை எடுப்பது, எப்படிப் போடுவது

வீட்டில் மைக் வைத்துப் பாடி ரெக்கார்ட் செய்பவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் ஒன்றுதான். பின்னணி இசை ஒரு பக்கம் போகிறது, குரல் இன்னொரு பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. சரி, ஓர் அறைக்குள் சத்தம் மோதி நீள்வதுபோலக் காட்டும் ரிவர்ப்பைக் கொஞ்சம் போடலாம் என்று, ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் ஒரு பிளக்இன்னைத் திறந்து ‘லார்ஜ் ஹால்’ என்ற ப்ரீசெட்டை (தயார் அமைப்பை) தேர்ந்தெடுத்தால், குரல் நேராகக் குளியலறைக்குள் போய்விடுகிறது. உடனே நம் பிளக்இன் சரியில்லை, இருநூறு டாலருக்கு ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும்.

பெரும்பாலும் ஆகாது. அந்தக் குளியலறைச் சத்தத்துக்குக் காரணம் பிளக்இன்னின் விலை இல்லை. அதை எந்த இடத்தில் இணைத்தோம், சத்தம் எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது, அதிலிருந்து எந்த அலைவரிசைகளை வெட்டினோம் என்ற நான்கு விஷயங்கள்தான் காரணம். இந்த நான்கையும் சரிசெய்யும் வசதி இலவசப் பிளக்இன்களிலேயே இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் ரிவர்ப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஓர் அறையில் ஒரு முறை கை தட்டினால் சத்தம் காதுக்கு மூன்று தவணையாக வருகிறது. முதலில் கையிலிருந்து நேராக வருவது. அடுத்து, பக்கத்துச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் மோதித் திரும்பும் முதல் சில பிரதிபலிப்புகள். இவற்றை எர்லி ரிஃப்ளெக்ஷன்ஸ் என்பார்கள். அறை சின்னதா பெரியதா, சுவர் பக்கத்திலா தூரத்திலா என்று மூளை கணக்குப் போடுவது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். கடைசியாக, பல முறை மோதிச் சிதறி, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் நீண்டு அடங்கும் சத்தம். இதுதான் டெயில். ‘ரிவர்ப் அழகாக இருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது அநேகமாக இந்த வாலைத்தான் சொல்கிறோம்.

சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதாவது ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்ப மூன்று மீட்டர் பயணம், கிட்டத்தட்ட 9 மில்லிவிநாடி. ஏழு மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் என்றால் 41 மில்லிவிநாடி ஆகிவிடும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரிவர்ப் எவ்வளவு தாமதமாகத் தொடங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் ப்ரீ-டிலே என்ற குமிழைத் திருகும்போது தேவைப்படும்.

வால் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை முறையாக அளந்தவர் வாலஸ் கிளமெண்ட் சாபின். 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று புகார் வர, இளம் இயற்பியல் ஆசிரியரான அவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். ஊர் அடங்கிய இரவு நேரத்தில் ஓர் ஆர்கன் குழாயையும் நேரம் அளக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு எடுத்து, மெத்தை கூடக்கூட வால் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். காலியான அரங்கில் ஒரு சத்தம் அடங்க ஐந்து விநாடிக்கும் மேல் ஆனது. பேசுகிறவரின் ஒரு சொல் அடங்குவதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தால் என்ன புரியும்? பிறகு அவர் ஆலோசனையோடு கட்டப்பட்டு 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபொனி ஹாலில், ஆட்கள் நிரம்பியிருக்கும்போது இந்த நேரம் இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சத்தம் 60 டெசிபல் குறைய ஆகும் நேரம் என்பது இப்போதைய அளவுகோல். உங்கள் பிளக்இன்னில் டீகே என்று எழுதியிருக்கும் குமிழ் காட்டும் விநாடி, ஏறத்தாழ இதுதான். உலகப் புகழ்பெற்ற அரங்கே இரண்டு விநாடிக்குள் நிற்கும்போது, நாம் படுக்கையறையில் பாடிய பாட்டுக்கு நான்கு விநாடி வைத்துவிட்டு ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கேட்கிறோம்.

இனி ப்ரீசெட் பெயர்கள். ஹால், ரூம் என்பவை புரிகின்றன. சேம்பர், பிளேட், ஸ்ப்ரிங் எல்லாம் எங்கிருந்து வந்தன? கணினி வருவதற்கு முன் ரிவர்ப் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பொருளோ இடமோ தேவைப்பட்டது. 1947-இல் சிகாகோவில் பில் பட்னம் தன் ஸ்டூடியோவின் கழிவறையில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, பாட்டை அங்கே ஒலிக்கவிட்டு, திரும்பி வந்ததைப் பதிவுசெய்து கலந்தார். குளியலறைச் சத்தம் ஒரு காலத்தில் விலையுள்ள சரக்கு! பெரிய ஸ்டூடியோக்கள் இதற்கென்றே பூச்சு பூசிய வெற்று அறைகளைக் கட்டின. அதுதான் சேம்பர். 1957-இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய எஃகுத் தகட்டை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை அதிரவைத்து ரிவர்ப் உண்டாக்கியது. இஎம்டி 140 என்ற அந்தப் பெட்டியைத் தூக்க நாலைந்து பேர் வேண்டும். தகட்டில் சுவர் ஏது? அதனால் தனித்தனியான எர்லி ரிஃப்ளெக்ஷன்ஸ் இல்லாமல், தொட்டவுடன் அடர்த்தியான வால் பிறக்கும். குரலுக்கு பிளேட் போடுவது இன்றும் பலருக்குப் பழக்கமாக இருப்பதன் காரணம் இதுதான்: ஓர் இடத்தின் படத்தைக் காட்டாமல் குரலுக்கு மினுக்கம் மட்டும் தருகிறது. ஸ்ப்ரிங் என்பது சுருள்கம்பி. ஹேமண்ட் ஆர்கனிலும் அப்புறம் ஃபெண்டர் கிடார் ஆம்ப்களிலும் பேர் வாங்கியது. கிடாருக்கு அழகு, குரலுக்கு அரிதாகத்தான் பொருந்தும்.

1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர், தாமதங்களை ஒன்றுக்குள் ஒன்று சுழலவிட்டுக் கணக்கின் மூலமே ரிவர்ப் உண்டாக்கலாம் என்று காட்டினார். 1976-இல் இஎம்டி 250, 1978-இல் லெக்சிகன் 224 என்று அந்தக் கணக்கு பெட்டிக்குள் வந்தது. உங்கள் கணினியில் இருக்கும் அல்காரிதமிக் ரிவர்ப்கள் இந்த வழி வந்தவை. இன்னொரு வகை கன்வல்யூஷன். உண்மையான ஓர் இடத்தில் பலூன் உடைத்தோ, தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஒலியை ஒலிக்கவிட்டோ, அந்த இடம் திருப்பித் தரும் பதிலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். பிளக்இன் உங்கள் குரலை அந்தப் பதிலோடு கணக்கிட்டுச் சேர்க்கும். நிஜ இடத்தின் உணர்வு வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை. ஆனால் டீகேயை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்தால் இயல்பு கெடும், கணினிக்கும் பாரம் அதிகம். முதல் ரிவர்ப் அல்காரிதமிக் ஆக இருக்கட்டும் என்பது என் கட்சி. குமிழைத் திருகினால் என்ன மாறுகிறது என்று காது கற்றுக்கொள்வது அதில்தான்.

சரி, எதை எடுப்பது?

முதலில் உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளோடு ஏற்கெனவே வந்திருப்பதைப் பாருங்கள். ரீப்பரில் ரியாவெர்பேட் இருக்கிறது, கன்வல்யூஷனுக்கு ரியாவெர்ப் தனியாக இருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவில் ஃப்ரூட்டி ரீவெர்ப் 2. கியூபேஸில் ரூம்வொர்க்ஸ். லாஜிக் வைத்திருப்பவர்கள் க்ரோமாவெர்ப், ஸ்பேஸ் டிசைனர் இரண்டையும் வைத்துக்கொண்டு வேறு ரிவர்ப் தேடுவது கொஞ்சம் அநியாயம். ரியாவெர்பேட் பார்க்க வறட்சியாக இருக்கும், நான்கைந்து ஸ்லைடர் மட்டும். சத்தமும் சாதாரணம்தான். ஆனால் சின்ன அறை உணர்வுக்கு மிக்ஸில் அடக்கமாகப் போட்டால் அது என்ன பிளக்இன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கையில் இருப்பது போதவில்லை என்றால் இலவசம். டிராகன்ஃபிளை என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. ஹால், ரூம், பிளேட், எர்லி ரிஃப்ளெக்ஷன்ஸ் என்று நான்கும் தனித்தனிப் பிளக்இன்கள். திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு வகையும் தனியாக இருப்பதால் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஓரில்ரிவர் இன்னொன்று. எர்லி ரிஃப்ளெக்ஷன்ஸையும் வாலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். டிஏஎல்-ரிவர்ப்-4 எண்பதுகளின் வாசனையோடு மினுங்கும் பிளேட் வகை, குமிழ்கள் குறைவு. வல்ஹாலா சூப்பர்மாஸிவும் இலவசம்தான், எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அது பிரமாண்டமான, மிதக்கும் ஒலிகளுக்கானது. சினிமாப் பின்னணி மாதிரி ஏதாவது செய்யும்போது திறந்து பாருங்கள். பாட்டில் சொல் புரியவேண்டும் என்றால் அது முதல் தேர்வு ஆகாது.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் வல்ஹாலா விண்டேஜ்வெர்ப் வாங்குங்கள் என்பேன். 50 டாலர். நம் ஊர்க் கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வரும், கார்டுக்கு வங்கி பிடிக்கும் வெளிநாட்டுக் கட்டணம் தனி. வல்ஹாலா தள்ளுபடி விற்பனை நடத்தும் நிறுவனம் இல்லை, எப்போது வாங்கினாலும் ஒரே விலை. அதனால் நவம்பர் மாதத் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டாம். மற்ற நிறுவனங்களின் கதை வேறு. இருநூறு டாலர் என்று எழுதியிருப்பது ஆண்டில் பாதி நாள் ஐம்பதுக்கும் முப்பதுக்கும் விற்கும். பட்டியல் விலையை நம்பி வாங்குவது ஏமாளித்தனம்.

எதை எடுத்தாலும் வாங்குவதற்கு முன், சோதனைப் பதிப்பிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். காலி டிராக்கில் ஒரே ஒரு கைதட்டலையோ ஸ்நேர் அடியையோ போடுங்கள். ரிவர்ப்பை முழு ‘வெட்’ (wet) நிலையில், அதாவது மூலச் சத்தம் கலக்காமல் ரிவர்ப் மட்டும் கேட்கும்படி, டீகேயை 4 விநாடியில் வைத்துக் கேளுங்கள். மட்டமான ரிவர்ப்பில் வால் ஏதோ ஒரு சுருதியில் பாத்திரத்தைத் தட்டியதுபோல ‘ட்ரிங்’ என்று ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது தொடக்கத்திலேயே டகடகடக என்று துண்டுதுண்டாக உதிரும். நல்லதில் வால் ஒரே சீராக மெலிந்துகொண்டே போய், எப்போது முடிந்தது என்றே தெரியாது. ஹெட்போனில் கேளுங்கள், அப்புறம் மோனோவுக்கு மாற்றிக் கேளுங்கள். சில ரிவர்ப்கள் ஸ்டீரியோவில் பரந்து விரிந்து, மோனோவில் பாதி காணாமல் போகும். கடைகளிலும் விழாப் பந்தல்களிலும் ஓடும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோதான்.

இரண்டாவது பரீட்சை நம் இசைக்கு முக்கியம். ‘ஆ’ என்று ஒரே ஸ்வரத்தை அசையாமல் பிடித்துப் பாடி, அதைத் தம்புரா ஓடும்போது ரிவர்ப்பில் போட்டுப் பாருங்கள். அந்த ‘ட்ரிங்’கை மறைக்கப் பல பிளக்இன்கள் வாலை உள்ளுக்குள் மெல்ல அசைக்கும். அதற்கு மாடுலேஷன் என்று பெயர். மேற்கத்திய பாப் குரலுக்கு இது செழுமையாகத் தெரியும். ஆனால் ஷட்ஜத்தில் நிற்கும் குரலின் வால் அசைந்தால் சுருதி விலகியதுபோலக் கேட்கும், பழி பாடியவர் மேல் விழும். மாடுலேஷனைக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டேஜ்வெர்ப்பில் மாட் ரேட், மாட் டெப்த் இரண்டும் இருக்கின்றன. டெப்த்தைப் பாதிக்குக் கீழே இறக்கினாலே போதும்.

இனி இணைப்பது. தொடக்கக்காரர்களின் மிக்ஸ் கலங்கிப்போக முதல் காரணம், ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு ரிவர்ப் பிளக்இன்னை நேராகப் போட்டு, மிக்ஸ் குமிழை 30 சதவீதத்தில் வைப்பதுதான். குரல் ஒரு மண்டபத்தில், கிடார் ஓர் அறையில், தாளம் ஒரு குகையில் என்று ஆளுக்கொரு இடத்தில் வாசிக்கிறார்கள். அதற்குப் பதில் பல டிராக்குகளின் சத்தம் வந்து சேரும் பஸ் டிராக் ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். அதில் ரிவர்ப்பைப் போட்டு மிக்ஸை 100 சதவீதம் ‘வெட்’ நிலையில் வையுங்கள். இனிக் குரல், கிடார், வயலின் எல்லாவற்றிலிருந்தும் அந்த பஸ்ஸுக்கு சென்ட் மூலம் சத்தத்தின் ஒரு நகலை அனுப்புங்கள். யாருக்கு எவ்வளவு என்பது சென்ட் அளவில். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுவார்கள். கணினிக்கும் ஒரு பிளக்இன் வேலைதான்.

சென்ட் போஸ்ட்-ஃபேடராக, அதாவது டிராக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பிறகு எடுப்பதாக, இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரீ-ஃபேடரில் இருந்தால் குரலின் ஒலியைக் குறைத்தாலும் ரிவர்ப் குறையாது. பாட்டின் நடுவில் குரல் தூரமாகப் போய்விட்டதே என்று அரைமணி நேரம் தேடவைக்கும். இன்னொன்று, ப்ரீசெட் மாற்றும்போது மிக்ஸ் மதிப்பும் மாறிவிடும். வல்ஹாலா பிளக்இன்களில் மிக்ஸ் என்ற எழுத்தின் மேல் க்ளிக் செய்தால் அது பூட்டிக்கொள்ளும். மற்றவற்றில் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

ஒரு பாட்டை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மெல்லிசை, டெம்போ 96, அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு. பெண் குரல், அகௌஸ்டிக் கிடார், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கீபோர்ட் பேட், லேசான தாளம். 60,000-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு தட்டு 625 மில்லிவிநாடி. இதை நான்கால் வகுத்தால் 156, இன்னும் நான்கால் வகுத்தால் 39. ப்ரீ-டிலேயை 39-இல் வையுங்கள். குரலின் முதல் எழுத்து சுத்தமாகக் காதில் விழுந்த பிறகு ரிவர்ப் தொடங்கும். அதனால் சொல் தெளிவாகவும் குரல் கிட்டத்திலும் இருக்க, சுவர்கள் மட்டும் தள்ளிப் போகும். மேலே சொன்ன ஏழு மீட்டர் சுவர் இதுதான். ப்ரீ-டிலேயை 0-க்கு இழுத்துக் கேளுங்கள். அதே டீகே, அதே அளவு, ஆனால் பாடுகிறவர் சட்டென்று பின்சுவரோடு போய் ஒட்டிக்கொள்வார். குளியலறை உணர்வில் பெரும்பங்கு இந்த ஒரு குமிழ்தான்.

டீகேக்கும் அதே கணக்கு. இரண்டு தட்டு 1,250 மில்லிவிநாடி. அதில் ப்ரீ-டிலே 39-ஐக் கழித்தால் 1.2 விநாடி. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லை மிதிக்காமல் தாளத்தோடு சேர்ந்து அடங்கும். இந்தக் கணக்கு வேதவாக்கு இல்லை. தொடங்குவதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். பாடகி சரணத்தில் சொற்களை நெருக்கிப் பாடினால் 1 விநாடிக்கு இறக்குங்கள். பல்லவியில் நீளமாக இழுத்து நிறுத்தும் இடம் இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சென்ட் அளவை ஆட்டோமேஷனில் (குறித்த இடத்தில் குமிழ் தானாக நகரும் வசதி) ஏற்றிவிடுங்கள். பாட்டு முழுவதும் நீளமான ரிவர்ப் போடுவதைவிட ஓரிடத்தில் திடீரென்று திறந்துவிடுவது எத்தனையோ மடங்கு பலன் தரும்.

அப்புறம் வெட்டுவது. ரிவர்ப்புக்கு முன்னால், அதே பஸ்ஸில், அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஈக்யூ போட்டு, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ-கட், 7,000-க்கு மேலே ஹை-கட். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவின் பேரால் சொல்லப்படும் பழைய வழக்கம் ஒன்று உண்டு, அதில் 600-க்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டிவிட்டுத்தான் ரிவர்ப்புக்குள்ளேயே அனுப்புவார்கள். கீழ்ப்பகுதியை விட்டுவைத்தால் அது மூடிய அறையில் போட்ட சாம்பிராணிப் புகை மாதிரி. வாசனை போதும் என்று நினைத்துப் போட்டது கண்ணைக் கரிக்கவைக்கும். மேல்பகுதியில் பிரச்சினை வேறு: ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ எல்லாம் ரிவர்ப்பில் பட்டுத் தெறித்து ஸ்ஸ்ஸ் என்று வாலாக நீளும். ஹை-கட் போதாவிட்டால் ஈக்யூவுக்குப் பக்கத்தில், இந்த ‘ஸ்ஸ்’ ஒலிகளை மட்டும் அடக்கும் ஒரு டி-எஸ்ஸரும் போடுங்கள். குரல் டிராக்கில் இல்லை, பஸ்ஸில். குரலின் கூர்மை அப்படியே இருக்கும், வால் மட்டும் சாதுவாகிவிடும். டேம்பிங் என்ற குமிழ் இருந்தால் அது வால் நீளநீள உயர் ஒலிகள் எவ்வளவு சீக்கிரம் சாகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. திரைச்சீலையும் ஆட்களும் நிறைந்த அரங்கில் நடப்பது அதுதான்.

அளவு வைப்பதற்கு எளிய வழி: எல்லா டிராக்கும் ஓடும்போது, ரிவர்ப் ‘இதோ கேட்கிறதே’ என்று காதுக்குத் தெரியும் வரை ஏற்றுங்கள். அங்கிருந்து 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். பிறகு பஸ்ஸை ம்யூட் செய்யுங்கள். பாட்டு திடீரென்று வறண்டு, குரல் முகத்துக்கு முன்னால் வந்து விழுந்தால் அளவு சரி. ஒன்றும் மாறவில்லையென்றால் குறைவு. ஒருபோதும் குரலை மட்டும் ஸோலோ செய்து ரிவர்ப் அளவை வைக்காதீர்கள். ஸோலோவில் அழகாக இருப்பது மிக்ஸில் காணாமல் போகும், உடனே கை தானாக இன்னும் ஏற்றும்.

கிடாருக்குக் குரலைவிடக் கொஞ்சம் அதிகம் அனுப்பலாம், பின்னால் போய் உட்காரும். பேட் ஏற்கெனவே புகைமூட்டம்தான், அதற்கு எதற்கு ரிவர்ப். பேஸ் கிடாருக்கும் கிக் ட்ரம்முக்கும் வேண்டாம்.

நம் தாள வாத்தியங்களுக்குத் தனியாகக் கவனம் வேண்டும். மிருதங்கத்தை ஒரே மைக்கில் எடுத்திருந்தால் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் ‘நம்’ சொல்லும் சேர்ந்தே ரிவர்ப்புக்குள் போகும். தொப்பியின் கீழ்ஒலி ரிவர்ப்பில் உருண்டால் தனி ஆவர்த்தனம் முழுக்கச் சொதசொதவென்றாகிவிடும். லோ-கட்டை 400 வரைகூட ஏற்றுங்கள். வலந்தலையின் கணீர் மட்டும் வாலில் மிஞ்சும், அதுதான் வேண்டும். டீகே 0.8 விநாடிக்கு மேல் போனால் வேகமான கோர்வைகளில் சொற்கட்டு ஒன்றோடொன்று ஈஷிக்கொள்ளும். கர்நாடக இசைக் குரலுக்கும் இப்படித்தான். கமகம் என்பது ஸ்வரங்களுக்கு இடையே ஓடும் ஓட்டம். நீளமான வால் அந்த ஓட்டத்தின் மேல் அதற்கு முந்தைய ஸ்வரத்தைப் பூசிவிடும். ஆலாபனையில் 2 விநாடி அழகாகத் தெரியும், அதே அமைப்பு கல்பனா ஸ்வரத்தில் தாங்காது. இரண்டு பஸ் வைத்துக்கொண்டு, வேகம் ஏறும்போது நீளமானதைக் குறைத்துச் சின்னதைக் கூட்டுவது ஒரு வழி. பறைக்கும் குத்துப் பாட்டுத் தாளத்துக்கும் அரை விநாடி ரூம் போதும். அதில் எர்லி ரிஃப்ளெக்ஷன்ஸ்தான் ஆட்டம் ஆடும், வால் இல்லை.

கன்வல்யூஷன் பக்கம் ஆசை வந்தால் இலவச இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்கள் நிறையவே கிடைக்கின்றன. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓப்பன்ஏர் தொகுப்பில் யார்க் மின்ஸ்டர் பேராலயம் உட்படப் பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிம நிபந்தனை வேறுவேறு, விற்கும் பாட்டில் பயன்படுத்துமுன் படித்துவிடுங்கள். கல்மண்டபத்தின் முழக்கம் தேவைப்படும் பக்திப் பாட்டுக்கு நீங்களே பதிவுசெய்யவும் முடியும்: அனுமதி வாங்கிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஒரு பலூனும் ஒரு ரெக்கார்டரும். பலூன் உடைத்தால் அளவு அத்தனை துல்லியமாக வராது என்பார்கள், வராதுதான். பாட்டுக்கு அது போதும்.

எந்த ரிவர்ப்பாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது: உங்கள் அறை. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, எதிரெதிரே வெறும் சுவர். அந்த அறையில் கை தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று சிலிர்க்கும். அது மைக்குக்குள் போய்விட்டால் குரலோடு ஒட்டிப் பிறந்ததாகிவிடும். மேலே எத்தனை விலையுயர்ந்த ஹால் போட்டாலும், சின்ன அறைக்குள் பாடியவரை அப்படியே தூக்கி மண்டபத்துக்குள் வைத்த மாதிரிதான் கேட்கும். அறைச் சத்தத்தை நீக்கும் பிளக்இன்களும் உண்டு, கொஞ்சம் நீக்கும்போதே குரலையும் சுரண்டும். ரிவர்ப்புக்கு வைத்திருக்கும் 50 டாலரில் முதலில் இரண்டு கனமான ரஜாய்ப் போர்வை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும் உதவும். மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம். இவ்வளவு செய்தாலே எடுக்கும் குரல் எந்த ரிவர்ப்புக்கும் வளைந்து கொடுக்கும்.

ஆனால் அப்படி வறட்டுக் குரலைத் தன் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுவது பாடுபவருக்குக் கொடுமை. சுருதி பிடிக்கவே தடுமாறுவார். அதனால் ரெக்கார்ட் செய்யும்போது அவர் காதுக்கு மட்டும் ரிவர்ப் கொடுங்கள், பதிவாவது வறட்டுக் குரலாகவே இருக்கட்டும். மேலே சொன்ன அதே பஸ்ஸே இதற்கும் போதும், பாரம் குறைந்த அல்காரிதமிக் பிளக்இன்னாக இருந்தால் தாமதமும் சேராது. ஹெட்போனில் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள், அவர் கேட்டால் இன்னும் விடுங்கள். பாடி முடித்து அவர் கிளம்பிய பிறகு அந்த சென்ட்டை முழுக்க இறக்கிவிட்டு, மிக்ஸைச் சுழியத்திலிருந்து தொடங்கலாம். நீளமானது ஒன்று, சின்ன ரூம் ஒன்று, இரண்டுக்கும் முன்னால் ஈக்யூ என்று இந்த அமைப்பை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்தால், அடுத்த பாட்டில் மாற்றவேண்டியது டெம்போவுக்குத் தக்க இரண்டு எண்கள் மட்டும்.